முயல் அச்சில் கோளாறா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

மார்கழி பிறந்துவிட்டால், ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சடிக்கிறவர்களில் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு என் பட்டறைக்கு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பொங்கலுக்குள் வாழ்த்து அட்டை முடிய வேண்டும், தைப்பூசத்துக்குள் துணிப்பை முடிய வேண்டும். வரைந்திருப்பதும் ஒன்றுக்கொன்று உறவுள்ள படங்கள்தான்: சோளத்தட்டுக்குள் காதை மடக்கிப் படுத்திருக்கும் காட்டு முயல், களத்துமேட்டில் பொலி, அதன் உச்சியில் சாணிப் பிள்ளையார், கிளுவை வேலிக்கு மேலே முழு நிலா, நிலாவுக்குள் இன்னொரு முயல். கொண்டுவரும் கோளாறுகளும் திரும்பத் திரும்ப அதேதான். மீசை விழவில்லை, ஓரம் வழிகிறது, வானமெல்லாம் பொட்டு, நிறம் நகர்ந்துவிட்டது.

அதனால் அறிகுறி வாரியாக எழுதிவைக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், காசு பிடிக்கும் காரணம் கடைசியில் வரும். நம் திருப்பூர், கோவைப் பக்கத்தில் கோளாறு பெரும்பாலும் மெஷ்ஷிலோ (பிரேமில் இழுத்து ஒட்டிய வலைத்துணி) மையிலோ இருப்பதில்லை. காற்றிலும் ஈரத்திலும் தண்ணீரிலும் இருக்கிறது. புது மெஷ்ஷுக்கும் புது எமல்ஷனுக்கும் (மெஷ்ஷில் பூசும், ஒளி பட்டால் இறுகும் பூச்சு) பணம் கொடுக்கும் முன் அந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கையில் மூன்று பொருள் வேண்டும். பனியன் கம்பெனிகளில் துணியின் இழை எண்ணப் பயன்படுத்தும் கவுண்டிங் கிளாஸ் ஒன்று. ஸ்கிரீனைத் தூக்கிப் பிடித்துப் பார்க்க நல்ல வெளிச்சம். ஒரு நோட்டு. எதை மாற்றினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை உடனே எழுதுங்கள். மையையும் இளக்கி, அழுத்தத்தையும் கூட்டி, உயரத்தையும் மாற்றிவிட்டால், எது சரிசெய்தது என்று அடுத்த தை மாதமும் தெரியாது.

## அறிகுறி: மீசை, ரோமம், கதிர்க்கூர் விழவில்லை

‘தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்’ என்பார்கள். அச்சிலும் மூன்று கால்தான் விழுகிறது என்றால் முதல் கேள்வி இது: முதல் தாளிலேயே இல்லையா, அல்லது நன்றாக விழுந்துகொண்டிருந்து பிறகு காணாமல் போனதா? இரண்டுக்கும் வழி வேறு.

### முதலில் விழுந்தது, பிறகு காணவில்லை

“ஏனுங்ணா, காலைல மீசை நல்லா வுழுந்துதுங்க, மத்தியானத்துக்கு மேல காணமுங்க” என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, “ஃபேன் ஓடுதா?” என்றுதான். மை மெஷ் கண்ணுக்குள்ளேயே காய்ந்துவிட்டது. ஸ்டென்சிலில், அதாவது உருவம் திறந்த எமல்ஷன் படலத்தில், குற்றமில்லை.

ஃபேனை நிறுத்துங்கள், மேற்குப் பக்கச் சன்னலைச் சாத்துங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளையே சுழற்றுகிறது. தண்ணீர் மையை அது சில நிமிடங்களில் இறுக்கிவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அச்சடித்தாலும் இதே கதைதான். அந்த மாதங்களில் விடியற்காலை வேலைதான் சரி.

அடுத்து, கை வேலையைப் பாருங்கள். ஒரு தாள் அடித்து முடித்ததும் ஸ்கிரீனைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அழுத்தாமல் மையை ஒரு முறை இழுத்து உருவத்தை மூடிவையுங்கள். ஃப்ளட் என்பது இதைத்தான். தாளை மாற்றும் நேரம் முழுக்க மெஷ் கண்ணுக்கு மேல் ஈர மை நிற்க வேண்டும். இதைச் செய்யாமல் போனில் பேச எழுந்துபோனால், திரும்பி வரும்போது மீசை அடைத்திருக்கும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் மையில் கை வைக்க வேண்டும். அந்த மைக்கு உரிய ரிடார்டரை (மை காய்வதைத் தாமதப்படுத்தும் சேர்மானம்) 100 கிராமுக்கு 3 முதல் 5 கிராம் வரை சேர்க்கலாம். அதற்கு மேல் போனால் அச்சு நாள் கணக்கில் ஒட்டும், அடுக்கிவைத்த அட்டைகள் முதுகில் கறை பிடிக்கும்.

அடைத்துப்போன கண்ணைத் திறக்க, தண்ணீர் மை என்றால் ஈரத்துணி, கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கரைப்பான் மை என்றால் அதற்குரிய கரைப்பான். இரண்டு பக்கமும் இரண்டு துணி வைத்து மெதுவாக ஒற்றுங்கள். நகத்தாலோ குண்டூசியாலோ குத்தினால் மெஷ் போய்விடும்.

### முதல் தாளிலேயே இல்லை

ஸ்கிரீனை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, கவுண்டிங் கிளாஸை மீசை இருக்க வேண்டிய இடத்தில் வையுங்கள். கோடு திறந்திருந்தால் வெளிச்சம் தெரியும். திறந்திருக்கிறது, ஆனாலும் விழவில்லை என்றால் அழுத்தம் போதவில்லை அல்லது மை மிகக் கெட்டி. மை தோசை மாவுப் பதத்தில் ஸ்குவீஜியிலிருந்து (மையை இழுக்கும் ரப்பர்ப் பட்டை) பட்டையாக இறங்க வேண்டும். கட்டியாக நின்றால் சற்று இளக்குங்கள்.

கோடு மூடியிருந்தால் வரிசையாக இவற்றைப் பாருங்கள்.

கழுவியது போதவில்லையா? எமல்ஷன் மெல்லிய கோட்டில் கடைசியாகத்தான் திறக்கும். இரண்டு பக்கமும் நனைத்து, இரண்டு நிமிடம் ஊறவிட்டு, பிறகு அச்சுப் பக்கத்திலிருந்து (தாளைத் தொடும் பக்கம்) தண்ணீர் அடியுங்கள். காய்ந்த பிறகு அந்தக் கோடுகளுக்குள் கண்ணாடி போல மெல்லிய படலம் தெரிந்தால், கழுவிய நீர் அங்கேயே தேங்கிக் காய்ந்திருக்கிறது. அடுத்த முறை கடைசியாக ஒரு அலசு அலசி, பழைய பத்திரிகைத் தாளால் ஒற்றி எடுங்கள்.

ஃபிலிம் (படம் கறுப்பாக அச்சான தெளிந்த தாள்) முகம் மாறியிருக்கிறதா? ஃபிலிமில் கருமை இருக்கும் பக்கம் எமல்ஷனைத் தொட வேண்டும். மாற்றி வைத்தால் ஃபிலிமின் கனம் அளவுக்கு ஒளி ஓரத்தில் நுழைந்து மெல்லிய கோட்டைத் தின்றுவிடும். மேலே வைக்கும் பாரம் குறைந்தாலும் அப்படித்தான். ஸ்கிரீனின் உள்பக்கத்தில் கறுப்புத் துணி, அதன் மேல் ஸ்பாஞ்ச், அதன் மேல் மட்டப் பலகை, பிறகு கல். ஃபிலிமும் மெஷ்ஷும் எங்கேயும் விலகக் கூடாது.

எக்ஸ்போஸ் நேரம், அதாவது ஃபிலிமை வைத்து ஒளி காட்டும் நேரம், அதிகமா? ஊகம் வேண்டாம், படிச் சோதனை செய்யுங்கள். நான்கு நிமிடம் சரி என்று நினைத்தால், முழு ஸ்கிரீனுக்கும் முதலில் 2 நிமிடம் கொடுங்கள். பிறகு கறுப்பு அட்டையால் ஒரு பட்டையை மூடி ஒரு நிமிடம், அடுத்த பட்டையையும் மூடி இன்னொரு நிமிடம் என்று 6 வரை போங்கள். கழுவிப் பார்த்தால் 2, 3, 4, 5, 6 நிமிடப் பட்டைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். டயாசோ எமல்ஷனில் (டயாசோ என்ற ஒளியுணர் வேதிப்பொருள் கலக்கும் வகை), எந்தப் பட்டைக்கு மேல் நிறம் மாறுவது நின்றுவிடுகிறதோ அதுவே உங்கள் நேரம். வெயிலில் எக்ஸ்போஸ் செய்பவர்கள் அன்றன்றைக்கே ஒரு சிறு துண்டில் இதைச் செய்ய வேண்டும். தை மாத வெயிலும் பங்குனி வெயிலும் ஒன்றல்ல, ஒரு மேகம் போதும் கணக்கு மாற.

டைக்ரோமேட் கலக்கும் எமல்ஷன் பயன்படுத்துகிறீர்களா? அதைப் பூசிய ஸ்கிரீன் இருட்டில் வைத்திருந்தாலும் மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். இரவு பூசி மறுநாள் எக்ஸ்போஸ் செய்தால் மெல்லிய கோடு திறக்காது. பூசிய அன்றே முடித்துவிடுங்கள். கையுறை இல்லாமல் அந்த ஆரஞ்சுத் தூளைத் தொடவே கூடாது. அது உடலுக்குக் கேடு செய்யும் ஆறிணைதிறன் குரோமியம். புதிதாகத் தொடங்குபவர்கள் டயாசோவிலேயே தொடங்கலாம்.

கடைசியாக, மெஷ். 43டி மெஷ்ஷில், அதாவது ஒரு செ.மீ.க்கு 43 இழை உள்ளதில், ஒரு இழையும் ஒரு கண்ணும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 0.23 மி.மீ. ஆகிறது. அரை மி.மீ.க்குக் குறைந்த கோடு அதில் நிற்காது, நின்றாலும் துண்டுதுண்டாக நிற்கும். 77டி-யில் 0.3 மி.மீ., 120டி-யில் 0.2 மி.மீ. வரை போகலாம். துணிக்கு 43 முதல் 55, காகிதத்துக்கு 77 முதல் 120 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மெஷ்ஷை மாற்றும் முன் படத்தை மாற்றலாமா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் காலோவே பகுதியில் அறுவடையின் கடைசிப் பிடிக் கதிருக்கு அந்தக் காலத்தில் முயல் என்று பெயர். நிற்கும் கதிர்த்தண்டை மூன்றாகப் பிரித்துப் பின்னி, கதிர்களை முடிச்சிட்டு, ஆட்கள் தள்ளி நின்று ஆளுக்கொரு முறை அரிவாளை வீசி அதை அறுத்தார்கள். அந்தப் பின்னலையும் நம் கம்பங்காட்டு முயலையும் சேர்த்து ஒரு தங்கை வரைந்து வந்தது. பேனாவில் போட்ட பின்னல், தண்டின் ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது, அவ்வளவு அழகு. அதைத் துணிப்பையில் 43டி-யில் அடிக்க வேண்டும். நரம்புகளை எடுத்துவிட்டு, மூன்று புரிகளுக்கும் இடையில் வெற்றிடத்தை மட்டும் அகலமாக விடச் சொன்னேன். பின்னல் தூரத்திலிருந்தே தெரிந்தது. துணிக்கு வரையும்போது கோட்டால் வரைவதை விட இடைவெளியால் வரைவது நிலைக்கும்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: படிச் சோதனையில் எந்தப் பட்டையிலும் மீசை திறக்கவில்லை என்றால் ஃபிலிம்தான் காரணம். லேசர் பிரிண்டில் எடுத்த ஃபிலிமைப் பல்புக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கறுப்புக்குள் வெளிச்சம் தெரிந்தால், இரண்டு பிரதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி ஒரு முறை முயலலாம். அதற்கும் சரிவராவிட்டால் ஃபிலிம் எடுத்துத் தரும் கடையில் நல்ல கறுப்புள்ள பாசிட்டிவ் ஃபிலிம் எடுத்துக்கொள்வதுதான் வழி. திருப்பூரிலும் கோவையிலும் அதற்கு ஆள் இருக்கிறார்கள்.

## அறிகுறி: ஓரம் வழிகிறது, காது நுனி மழுங்குகிறது

நம் காட்டு முயலுக்குப் பிடரியில் ஒரு கறுப்புத் திட்டு உண்டு, வாலின் மேல்பக்கமும் கறுப்பு. வரைபவர்கள் அதைக் கூர்மையான ஓரத்தோடு வரைந்திருப்பார்கள். அச்சில் அது பரவிக் கழுத்தையே மூடிவிடும்.

தாளைத் திருப்பிப் பாருங்கள். மை பின்பக்கம் ஊறியிருந்தால் அழுத்தம் அதிகம் அல்லது மை நீர்த்திருக்கிறது. ஸ்குவீஜியை ஏறத்தாழ 60 முதல் 75 பாகையில் பிடித்து ஒரே இழுப்பில் முடியுங்கள். படுக்க வைத்து இரண்டு மூன்று முறை தேய்த்தால் மை கண்ணுக்கு அடியில் தேங்கித்தான் ஆகும்.

பின்பக்கம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் முன்னால் ஓரம் இரட்டையாகத் தெரிகிறது என்றால், மெஷ் தாளில் ஒட்டிக்கொண்டே எழுகிறது. பிரேமின் நான்கு மூலையிலும் அட்டைத் துண்டு ஒட்டி 2 முதல் 3 மி.மீ. உயர்த்துங்கள். ஸ்குவீஜி கடந்த உடனே பின்னால் மெஷ் தாளை விட்டு விலக வேண்டும். இந்த ஒரு காசில்லாத வேலையில் பாதிப் பேரின் கோளாறு தீர்ந்துவிடுகிறது.

பிறகு ஸ்குவீஜி ரப்பரைப் பாருங்கள். முனையை விரலால் தடவினால் சதுரமாக இருக்க வேண்டும். உருண்டிருந்தால், மட்டமான கண்ணாடியில் உப்புத்தாள் ஒட்டி, ரப்பரை நெட்டாக நிறுத்தித் தேய்த்துச் சதுரமாக்குங்கள். காகிதத்துக்கும் கூர்மையான கோட்டுக்கும் 70 முதல் 80 கடினம் நல்லது, துணியில் பெரிய பரப்புக்கு 60 போதும்.

இவ்வளவும் சரி, இன்னும் வழிகிறது என்றால் ஸ்டென்சில் மெல்லியதாக இருக்கிறது. அச்சுப் பக்கம் இன்னொரு பூச்சு கொடுத்து, அச்சுப் பக்கம் கீழே பார்க்கும்படி படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

## அறிகுறி: வானத்தில் இல்லாத நட்சத்திரம்

நிலா முயல் படங்களில் ராத்திரி வானம் பெரிய பரப்பு. அதில் ஊசிப்பொட்டு தெரிந்தால் மறைக்க இடமில்லை.

நிறமில்லாத வெள்ளைப் பொட்டா, நிறம் பட்ட பொட்டா? இதைப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும். மை விழ வேண்டிய வானத்தில் வெள்ளைப் பொட்டு என்றால், மெஷ்ஷில் தூசியோ காய்ந்த மைத் துணுக்கோ அடைத்திருக்கிறது. துணி என்றால் பஞ்சு. காடாவின் கொட்டைத் துணுக்குகள் மெஷ்ஷின் அடியில் ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு அச்சிலும் அதே இடத்தில் பொட்டு போடும். அகலமான ஒட்டும் டேப்பால் துணியை ஒற்றிவிட்டு அடியுங்கள்.

வெள்ளையாக இருக்க வேண்டிய நிலாவில் நிறப் பொட்டு என்றால் எமல்ஷனில் ஓட்டை. ஆடி மாதத்தில் பூசிய ஸ்கிரீன்களில் இது நிறைய வரும், புழுதி ஈரப் பூச்சில் வந்து உட்கார்ந்திருக்கும். பூசும் அறையில் முன்கூட்டியே தரையை ஈரத்துணியால் துடைத்து, தரை காய்ந்த பிறகு பூச வேண்டும். பூசியதும் ஃபேன் போடக்கூடாது. எக்ஸ்போஸ் கண்ணாடியின் இரண்டு பக்கமும் துடைத்தீர்களா என்றும் பாருங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு தூசியும் ஒரு ஓட்டை. எமல்ஷனைக் கலக்கிய உடனே பூசினால் குமிழ் இருக்கும், ஒரு மணி நேரமாவது வைத்திருந்து பூசுங்கள்.

இருக்கிற ஓட்டைகளை மூட, அச்சுப் பக்கத்தில் மெல்லிய தூரிகையால் எமல்ஷன் தொட்டு வைத்து, காயவைத்து, வெயிலில் காட்டினால் போதும். ஒன்றிரண்டு ஓட்டை என்றால் உள்பக்கத்தில் டேப்கூடப் போதும். நாள் ஆக ஆகப் பொட்டு கூடிக்கொண்டே போகிறது என்றால் எமல்ஷன் முழுதாக இறுகவில்லை. அது அடுத்த அறிகுறி.

## அறிகுறி: ஸ்டென்சில் கரைகிறது, உரிகிறது

### கழுவும்போதே போகிறது

கழுவும்போது ஸ்கிரீனின் உள்பக்கத்தை விரலால் தொடுங்கள். வழுவழுவென்று விரலில் நிறம் வந்தால், ஒன்று காயவில்லை, இல்லை ஒளி போதவில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் காயவில்லை என்பதுதான் பதில். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். ஈரமான எமல்ஷன் எவ்வளவு ஒளி கொடுத்தாலும் இறுகாது. அடைமழைக் காலத்தில் வெந்நீர்ப் பானைக்குப் பக்கத்தில், சமையலறையில் ஸ்கிரீனைக் காயவைக்காதீர்கள். சிறிய மூடிய அறை அல்லது பீரோ, அதற்குள் மிதமான சூடு, சூடு 40 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது. ஈரமானி ஒன்று வாங்கிப் போடுங்கள். அது 50 சதவீதத்துக்குக் கீழே காட்டும்வரை எக்ஸ்போஸ் பற்றி நினைக்க வேண்டாம்.

கோடையில் இதே கோளாறு வந்தால் கரண்டைப் பாருங்கள். தோட்டத்து மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். விளக்கு மங்கினால், நேற்று சரியாக இருந்த நான்கு நிமிடம் இன்று போதாது. மோட்டார் ஓடாத நேரத்துக்கு எக்ஸ்போஸை மாற்றுங்கள்.

எமல்ஷன் எப்போது கலந்தது? டயாசோ கலந்த டப்பா மேல் தேதி எழுதிவையுங்கள். சாதாரண அறையில் ஏறக்குறைய ஒரு மாதம் தாங்கும், சித்திரை, வைகாசியில் அவ்வளவு தாங்காது. ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃபிரீசரில் கூடாது. சாப்பாட்டுப் பொருளோடு கலக்காமல் தனி இடம் கொடுங்கள்.

பட்டைபட்டையாக உரிந்தால் மெஷ்ஷில் எண்ணெய்ப் பசை. புது மெஷ் என்றாலும் பாத்திரம் கழுவும் சோப்பால் தேய்த்து அலசிவிட்டுப் பூசுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் அலசிய நீர் காயும்போது மெஷ்ஷில் வெள்ளைப் பூப்பு நிற்கும், அதன்மேல் எமல்ஷன் பிடிக்காது. கடைசி அலசுக்கு மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்துவையுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் இந்தத் தொல்லை இல்லை.

### பாதி வேலையில் போகிறது

எமல்ஷனும் மையும் சேரவில்லை. கரைப்பான் மைக்கான எமல்ஷன் தண்ணீர் பேஸ்டில் (துணிக்கு அடிக்கும் தண்ணீர் மை) ஊறிக் கரையும். டப்பாவில் எந்த மைக்கு என்று எழுதியிருக்கும், கடைக்காரரிடமும் கேட்டு வாங்குங்கள். கழுவிக் காய்ந்த ஸ்டென்சிலை இன்னொரு முறை வெயிலில் நன்றாகக் காட்டினால் ஓரளவு உறுதி கூடும். நூற்றுக்கணக்கில் பை அடிக்கப்போகிறீர்கள் என்றால் ஸ்கிரீனை ஜாப் ஒர்க்காகவே செய்து வாங்கிவிடுங்கள், நேரமும் துணியும் மிச்சம்.

## அறிகுறி: நிறம் நகர்ந்துவிட்டது

மூன்று முயல்கள் வட்டமாக ஓடும், மொத்தம் மூன்றே காதுகள், ஆனால் ஒவ்வொரு முயலுக்கும் இரண்டு காது தெரியும். சீனத்தின் துன்ஹுவாங் குகைகளிலும் இங்கிலாந்தின் டெவன் பகுதித் தேவாலயக் கூரைகளிலும் இருக்கும் பழைய உரு அது. இங்கே அதன் நடுவில் சோளக்கதிரை வைத்து வரைகிறார்கள். இரண்டு நிறத்தில் அடிக்கும்போது காது அரை மி.மீ. நகர்ந்தால் போதும், அது எந்த முயலுக்கும் சொந்தமில்லாமல் நிற்கும். நிறச் சேர்க்கையைச் சோதிக்க இதைவிட நல்ல படம் எனக்குத் தெரியவில்லை.

பத்துத் தாளை வரிசையாகப் பரப்புங்கள். நகர்வு எப்படி இருக்கிறது?

### எல்லாத் தாளிலும் ஒரே பக்கம், ஒரே அளவு

தாளைப் பொருத்தி வைத்ததில் பிசகு, அவ்வளவுதான். மேசைமேல் தெளிந்த பிளாஸ்டிக் தாளை ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, அதில் இரண்டாம் நிறத்தை அடித்து, அடியில் முதல் நிறத் தாளைத் தள்ளிப் பொருத்துங்கள். பொருந்திய இடத்தில் தாளைச் சுற்றித் தடுப்பு ஒட்டிவிட்டுப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுங்கள்.

### தாளுக்குத் தாள் வேறு பக்கம்

எங்கோ ஆட்டம் இருக்கிறது. பிரேமை இறக்கி, கையில் பிடிக்கும் முனையை இடவலமாக அசைத்துப் பாருங்கள். கீல் ஆடினால் திருகை முடுக்குங்கள், ஓட்டை பெரிதாகியிருந்தால் கீலையே மாற்றுங்கள். தாளுக்குத் தடுப்பு மூன்றே போதும், நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் ஒன்று. எல்லா நிறத்துக்கும் தாளின் அதே மூலைதான் தடுப்பில் முட்ட வேண்டும். துணியென்றால் மேசைப் பசை காய்ந்துவிட்டதா என்று பாருங்கள். பனியன் துணியை இழுத்து ஒட்டினால் அச்சடித்த பிறகு அது சுருங்கும், முயல் நெட்டையாகும்.

### நடுவில் சரி, ஓரத்துக்குப் போகப் போக விலகுகிறது

முதலில் இரண்டு ஃபிலிம்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். லேசர் பிரிண்டரின் சூட்டில் ஃபிலிம் சுருங்குவது உண்டு. ஃபிலிம் சரி என்றால் காகிதம். முதல் நிறம் மழை நாளில், இரண்டாம் நிறம் வெயில் நாளில் என்றால் தாள் அளவே மாறியிருக்கும். தாளை வாங்கியதும் கட்டைப் பிரித்து ஒரு நாள் அறையிலேயே வையுங்கள், நிறங்களை அடுத்தடுத்து முடித்துவிடுங்கள். அதற்கும் பிறகு மெஷ் தொய்வு. இரண்டு ஸ்கிரீனையும் விரலால் தட்டிப் பாருங்கள், ஒலி வேறாக இருந்தால் இழுவை வேறு.

மரப் பிரேமைக் கண்ணாடி மேல் படுக்கவைத்து ஒரு மூலையை அழுத்துங்கள். எதிர் மூலை எழுந்தால் பிரேம் முறுக்கிவிட்டது. இங்கே ஆளிடம் போக வேண்டும். அலுமினியப் பிரேமில், ஒரு செ.மீ.க்கு 20 நியூட்டனுக்குக் குறையாத இழுவையில், எல்லா நிறத்துக்கும் ஒரே நாளில் மெஷ் ஒட்டி வாங்குங்கள். செலவுதான், ஆனால் பல நிறப் படம் தொடர்ந்து செய்பவருக்கு வேறு வழியில்லை.

அவ்வளவு செலவு முடியாது என்றால் படத்திலேயே இடம் கொடுக்கலாம். வெளிர் நிறத்தைக் கறுப்புக் கோட்டுக்கு அடியில் 0.3 முதல் 0.5 மி.மீ. நீட்டி வரைந்தால் சிறு நகர்வு கண்ணுக்குத் தெரியாது.

## அறிகுறி: பெரிய நிலா திட்டுத்திட்டாக விழுகிறது

ஒரு பக்கம் அடர்த்தி, ஒரு பக்கம் வெளிர் என்றால் கையழுத்தம் சமமில்லை. இழுக்கும் திசைக்கு நேராக நின்று இரண்டு கையாலும் பிடியுங்கள். நடுவில் மட்டும் வெளிர் என்றால் மேசை குழிந்திருக்கிறது, மேலே ஒரு கண்ணாடி போடுங்கள். ஸ்குவீஜி படத்தை விட இரண்டு பக்கமும் 2 செ.மீ. அகலமாக இருக்க வேண்டும். ரோமத்துக்குப் புள்ளி நிறம் (சிறு புள்ளிகளால் காட்டும் நிழல்) போட்டு அதில் கட்டம்கட்டமாக அலை தெரிந்தால், ஃபிலிமை ஸ்கிரீன்மேல் சில பாகை திருப்பிப் பார்த்து, அலை மறையும் கோணத்தில் ஒட்டுங்கள். அங்குலத்துக்கு எத்தனை புள்ளி வரிசையோ அதன் நான்கைந்து மடங்கு இழை மெஷ்ஷில் வேண்டும்.

## அறிகுறி: துவைத்தால் முயல் போய்விடுகிறது

காடாவைக் கஞ்சி போக்காமல் அடித்திருக்கிறீர்களா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். சோமனூர், பல்லடம் பக்கத்து விசைத்தறிக் காடாவில் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி அப்படியே இருக்கும். பேஸ்ட் நூலைப் பிடிக்காமல் கஞ்சியைப் பிடிக்கும், முதல் துவைப்பில் இரண்டும் சேர்ந்து போகும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சாமல் முத்தாக நின்றால் துணி தயாரில்லை. சோடா உப்பும் சோப்பும் போட்டுக் கொதிக்கவைத்து, அலசி, காயவைத்து, தேய்த்துவிட்டு அடியுங்கள்.

துணி சரி என்றால் சூடு. தண்ணீர் பிக்மென்ட் பேஸ்டுக்குப் பொதுவாக 150 பாகை, 3 முதல் 5 நிமிடம். பிளாஸ்டிசாலுக்கு (சூட்டில் மட்டும் இறுகும் பிளாஸ்டிக் மை) 160 பாகை, வெயில் அதற்கு எந்த நாளும் போதாது. வீட்டில் என்றால் முழுக்கக் காய்ந்த பிறகு, மேலே பட்டர் பேப்பர் போட்டு, இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் சூட்டில் வைத்து, ஒவ்வொரு கை அகலத்துக்கும் சில நிமிடம் நகர்த்திக்கொண்டே இருங்கள். ஆவி விடக்கூடாது.

பிறகு பைண்டர், அதாவது நிறத்தைத் துணியோடு ஒட்டவைக்கும் பசை. நிறம் அடர்த்தியாக வேண்டும் என்று பிக்மென்டை அள்ளிப் போட்டால் அதைப் பிடித்துவைக்கப் பைண்டர் போதாது. ஃபிக்ஸர் (நிறத்தை உறுதியாக்கும் சேர்மானம்) கலந்த பேஸ்டை மறுநாளுக்கு வைக்காதீர்கள்.

சோதனை எளிது: வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து அச்சின் மேல் பத்து முறை தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் இன்னும் சூடு கொடுங்கள். சூடு கொடுத்தும் ஏறினால், அல்லது விற்பனைக்கு ஒரு கட்டுப் பை இருக்கிறது என்றால், சூடு கொடுக்கும் க்யூரிங் மெஷின் வைத்திருக்கும் யூனிட்டில் ஜாப் ஒர்க்குக்குக் கொடுங்கள். காசு கொடுத்து வாங்கியவர் வீட்டில் முயல் வெளுத்துப்போகக் கூடாது.

## அறிகுறி: பழைய படம் ஸ்கிரீனில் தெரிகிறது

வெளிச்சத்தில் பிடித்து கிளாஸ் வைத்துப் பாருங்கள். கண்கள் திறந்திருந்தால் அது வெறும் கறை, பயப்பட வேண்டாம். அடைத்திருந்தால் எமல்ஷன் மிச்சம் இருக்கிறது. எமல்ஷன் எடுக்கும் கெமிக்கலைத் தடவி, ஸ்கிரீனில் காயவிடாமல் கழுவுங்கள். காய்ந்தால் எமல்ஷன் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பிளீச்சிங் பவுடர் போடுபவர்கள் பாலியெஸ்டர் மெஷ்ஷில் மட்டும், காற்றோட்டமான இடத்தில், கையுறையோடு போடுங்கள். அதோடு ஆசிட், பாத்ரூம் கிளீனர் எதுவும் சேரக்கூடாது. குளோரின் வாயு வரும், உயிருக்கு ஆபத்து.

கழுவும் முன் மையை வழித்து டப்பாவில் போடுங்கள், மிச்சத்தைப் பனியன் வேஸ்ட் துணியால் துடையுங்கள், அதற்குப் பிறகுதான் தண்ணீர். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட திருப்பூர்ப் பகுதி இது. நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். ஒரு ஸ்கிரீன் கழுவும் நீர் சிறிதுதான் என்று சாக்கடையில் விடாதீர்கள். தொட்டியில் தேக்கி, படியும் வண்டலைத் தனியே எடுத்துவையுங்கள்.

## ஆளிடம் கொண்டுபோகும்போது

வெறும் ஸ்கிரீனை நீட்டி “சரியில்லைங்க” என்றால் அவரும் முதலிலிருந்துதான் தொடங்குவார். கெட்ட அச்சு ஒன்று, நல்லது இருந்தால் அதுவும் ஒன்று, ஃபிலிம், மையின் டப்பா, நோட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மெஷ் எண், பூசிய தேதி, எக்ஸ்போஸ் நேரம், எந்த மாற்றத்துக்குப் பிறகு கோளாறு தொடங்கியது என்று சொல்லுங்கள். மெஷ் எண்ணைச் சொல்லும்போது செ.மீ. கணக்கா அங்குலக் கணக்கா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 43டி என்பதும் 110 என்பதும் ஒரே மெஷ்தான், தெரியாமல் 110டி கேட்டு வாங்கினால் அதில் துணி பேஸ்ட் இறங்காது.